3 டெஸ்லா எம்ஆர்ஐ டி1 மேப்: மூளையின் நடுவில் மதிப்பு ஏறுகிறது, ஓரத்தில் இறங்குகிறது

கேள்வி:
மூளைப் படங்களை அலசும் எஸ்பிஎம்12 மென்பொருளில், எம்ஆர்ஐ படங்களிலிருந்து டி1 (திசுவின் காந்தமாக்கம் மீளும் நேரம்) போன்றவற்றைக் கணக்கிடும் ஹெச்எம்ஆர்ஐ டூல்பாக்ஸ் ஓட்டுகிறோம். படமெடுத்த முறை மல்டி-எக்கோ ஃபிளாஷ், ஃபிளிப் கோணம் (ரேடியோ துடிப்பு காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணம்) 6° மற்றும் 21°, டிஆர் (துடிப்புகளின் இடைவெளி) இரண்டிலும் 25 மி.செ., வாக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) 1 மி.மீ. பி1 (ரேடியோ புலத்தின் வலிமை) திருத்தம் இல்லாமல் ஓட்டினால் வெண்பொருளின் டி1 வென்ட்ரிக்கிள் அருகே 1090 மி.செ., டெம்போரல் மடலின் அடியில் 650. வேறொரு நிரலில் தயாரித்த பி1 மேப்பை 'ப்ரீ-ப்ராசஸ்டு' என்று கொடுத்தாலோ ஆர்1 (டி1-இன் தலைகீழ், 1/டி1) மேப் முழுவதும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். முதலாவது, திருத்தம் இல்லாவிட்டால் வந்தே தீரும். 3 டெஸ்லாவில் உண்மையான ஃபிளிப் கோணம் தலையின் நடுவில் கேட்டதைவிடக் கூடுதல், ஓரங்களில் குறைவு. சிறு கோணங்களில் தோன்றும் டி1, பி1 விகிதத்தின் (கிடைத்த கோணம் ÷ கேட்ட கோணம்) வர்க்கத்தோடு பெருகும். மெய்யான மதிப்பு 900 என்றால் விகிதம் 1.1 உள்ள இடத்தில் 1.21 மடங்காகி 1090, 0.85 உள்ள இடத்தில் 650. உங்கள் எண்கள் அப்படியே பொருந்துகின்றன.

இரண்டாவது, அலகு. இந்த டூல்பாக்ஸ் பி1-ஐச் சதவீதமாக எதிர்பார்க்கிறது: கேட்ட கோணம் கிடைத்த இடம் 100. கியூஎம்ஆர்லேப் போன்ற நிரல்களில் அதே இடம் 1.0. 1.0-ஐ ஒரு சதவீதம் என்று படித்தால், வர்க்கத்தால் ஆர்1 பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஸ்கேலிங் ஃபாக்டரில் 100 கொடுங்கள். சில டர்போஃபிளாஷ் பி1 மேப்களில் கோணமே பத்தால் பெருக்கப்பட்டு இருக்கும் (80° என்பது 800), ஆகவே ஓட்டுமுன் மேப்பைத் திறந்து எண்களைப் பார்ப்பது அவசியம்.

பதில் 2:
அலகு சரியான பிறகும் இடம்வாரிச் சாய்வு மிச்சமிருந்தால் ஒத்திசைவைச் சோதியுங்கள். ஆட்டோ-ரீஓரியன்ட் (படத்தின் திசையைத் தானாகச் சீராக்குதல்) செய்யும்போது ஃபிளாஷ் படங்களை மட்டும் திருப்பி, பி1 படங்களை 'அதர் இமேஜஸ்' பட்டியலில் சேர்க்காமல் விட்டால் இரண்டும் விலகிவிடும். பி1 மேப் 4 மி.மீ. வாக்சலில் இருந்தாலும் கெடுதல் இல்லை, அந்தப் புலம் மெதுவாகவே மாறும். ஆனால் ஈபிஐ (வேகமாகப் படமெடுக்கும் ஒரு முறை) வகை பி1 மேப் என்றால் பி0 (முதன்மைக் காந்தப் புலம்) ஃபீல்டு மேப் வேண்டும். இல்லையேல் காற்றறைகளுக்கு மேலே, நெற்றிமடலின் அடியில், படம் இழுபட்டு நிற்கும்.

6° படத்துக்கும் 21° படத்துக்கும் இடையே தலை நகர்ந்திருந்தால் சிக்னலைப் பெறும் காயிலின் உணர்திறன் இரண்டிலும் ஒன்றாக இராது, விகிதத்தில் அது கழியாது. வெறும் கோரெஜிஸ்ட்ரேஷன் (படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துதல்) இதைச் சரிசெய்யாது. ஒவ்வொரு கான்ட்ராஸ்டுக்கும் (இங்கே 6°, 21° படங்கள்) முன் சென்சிட்டிவிட்டி மேப் எடுத்து 'பெர் கான்ட்ராஸ்ட்' தேர்வு செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
100 கொடுத்ததும் டி1 870 முதல் 930-க்குள் வந்துவிட்டது, நன்றி. பி1 மேப் இல்லாத பழைய தரவுக்கு யூனிகார்ட் திருத்தம் போதுமா?

பதில் 1:
ஒரே நபரின் மேப்பைப் பார்வைக்குச் சீராக்கப் போதும். குழு ஒப்பீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பி1-ஐப் படத்திலிருந்தே ஊகிக்கிறது. மெதுவாக மாறும் மெய்யான திசு வேறுபாட்டையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். பழைய தரவையும் புதியதையும் கலந்தே தீர வேண்டுமென்றால் எல்லோருக்கும் யூனிகார்ட் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு அளந்த மேப், பாதிப் பேருக்கு ஊகம் என்று வைத்தால் அந்த வேறுபாடே குழு வேறுபாடாகத் தெரியும்.