மறு: ‘லைனர்’ கப்பலுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

> ‘ஆடம்பரக் கப்பல்’ என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நான் எழுதிக்கொண்டிருக்கும் ‘ஃபாட்டர்லாண்ட்’ கட்டுரையில் இந்தச் சொல் முதல் பத்தியிலேயே இடிக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் புளோம் உண்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 1913 ஏப்ரலில் நீரில் இறக்கிய கப்பல். 54,000 டன்னுக்கு மேல். 1914 மே மாதம் சேவைக்கு வந்தபோது உலகிலேயே பெரியது. முதல் வகுப்பில் நீச்சல் குளம்கூட உண்டு. ஆனால் இடங்களில் பாதிக்கு மேல் மூன்றாம், நான்காம் வகுப்பு; அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்கானவை. அவர்களிடம் போய் ஆடம்பரம் என்று சொல்ல முடியுமா?

‘லைனர்’ என்றே விட்டுவிடலாம் என்ற நண்பருக்கு: மெக்கானிக் கடையில் லைனர் என்றால் எஞ்சின் சிலிண்டருக்குள் போடும் உறை.

சரி, ‘லைன்’ இங்கே என்ன? குறித்த துறைமுகங்களுக்கிடையே, குறித்த நாளில், ஆள் குறைந்தாலும் கிளம்பும் சேவை. ரூட் பஸ்ஸுக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான். ‘உல்லாசக் கப்பல்’ டூரிஸ்ட் பஸ். ஃபாட்டர்லாண்ட் ரூட் பஸ்.

இந்தக் கப்பலின் கதையே இதற்குச் சாட்சி. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனம் இம்பெராட்டர், ஃபாட்டர்லாண்ட், பிஸ்மார்க் என்று மூன்று கப்பல்களைத் திட்டமிட்டதே, மாற்றி மாற்றி ஓட்டி வாராந்திரச் சேவை நடத்தத்தான். முதல் உலகப் போர் மூண்டபோது ஃபாட்டர்லாண்ட் நியூயார்க் பக்கம் ஹோபோக்கனில் மாட்டிக்கொண்டு, மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அசையாமல் கிடந்தது. 1917இல் அமெரிக்கா கைப்பற்றி, ‘லெவியாதன்’ என்று பெயர் மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை ஏற்றி இறக்கியது. அப்போது அது லைனர் அல்ல. படை ஏற்றும் கப்பல்.

போருக்குப் பின் மறுபடி பயணிகளுக்காக மாற்ற வரைபடங்கள் வேண்டும். ஜெர்மானியர்கள் சொன்ன விலை பத்து லட்சம் டாலர். வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ் என்ற பொறியாளர் அதைக் கொடுக்க மறுத்து, ஆட்களைக் கப்பலுக்குள் இறக்கி அங்குலம் அங்குலமாக அளந்து புதிதாக வரையவைத்தார். (இதற்காகவே கட்டுரையில் தனிப்பத்தி ஒதுக்கியிருக்கிறேன், வெட்டாதீர்கள்.) 1923இல் சேவைக்குத் திரும்பியும் நஷ்டம்தான். அமெரிக்கக் கப்பல் ஆகிவிட்டதால் அதில் மதுவிலக்கு, அது ஒரு காரணம். இன்னொன்று, மாற்றி ஓட்ட ஈடான ஜோடிக் கப்பல் இல்லை; இம்பெராட்டரும் பிஸ்மார்க்கும் பிரிட்டிஷ் நிறுவனங்களிடம் போய்விட்டன. ஒற்றைப் பஸ்ஸை வைத்துக்கொண்டு ரூட் எடுத்த கதை. 1938இல் ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் உடைத்தார்கள்.

ஆகவே சொல்லில் ‘தடம்’ வரவேண்டும். பஸ்ஸுக்கே ‘தட எண்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘தடக்கப்பல்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் தடக்கை (பெரிய கை), தடந்தோள் (பெரிய தோள்) போல ‘பெரிய கப்பல்’ என்று படிக்க இடமுண்டு. ஃபாட்டர்லாண்டுக்குப் பொருந்தும், சின்ன லைனர்களை என்ன செய்வது? ‘கடற்றடக் கப்பல்’ பல்லை உடைக்கும். என் ஓட்டு ‘வழித்தடக் கப்பல்’. நீளம்தான், ஆனால் விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

அப்புறம், அந்த ஜோடிக் கப்பலுக்கு ‘இணைக்கப்பல்’ போதுமா? ஒரே வரைபடத்தில் கட்டியவற்றுக்கும் அதையே சிலர் எழுதுகிறார்கள், குழம்பும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று கட்டுரையைத் திருத்திவிடுகிறேன்.