டி ஆன்சாவில் முதல் குவார்ட்டருக்கு எந்தப் பாடங்கள்?

குப்பர்டினோ சித்தி: அனைவருக்கும் வணக்கம். தம்பி இங்கே கலிஃபோர்னியாவில் டி ஆன்சா என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்கிறான். இரண்டாண்டு முடித்துவிட்டு ஏதாவது ஒரு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்துக்கு மாறிக் கணினி அறிவியல் படிப்பதாக எண்ணம். வரலாறு, உளவியல், ஓவியம் போன்ற பாடங்களை முதலில் எடுத்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்கிறேன் என்கிறான். இதே வழியில் போனவள் நீ, சொல்லம்மா, இது சரியாக வருமா?

இர்வைன் அக்கா: வராது, சித்தி. டி ஆன்சாவில் கால்குலஸ் (நுண்கணிதம்) மட்டுமே நான்கு குவார்ட்டர், அதாவது நான்கு பருவங்கள், ஓடும். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார முடியும். இயற்பியலும் கால்குலஸைப் பின்தொடர்ந்தே வருகிறது. இரண்டாம் ஆண்டின் நவம்பரில் விண்ணப்பம் போகும்போது யூசியில் பார்ப்பது பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண்களைத்தான். அதில் கணிதமும் நிரலாக்கமும் இல்லாவிட்டால், ஓவியத்தில் வாங்கிய ஏ கிரேடு அவனுக்குக் கைகொடுக்காது.

மதுரை பெரியப்பா: நம் ஊரில் கல்லூரி மாறுவது என்றாலே பெரும்பாடு. அங்கே படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்வார்களா, அம்மா?

இர்வைன் அக்கா: எல்லாவற்றையும் அல்ல, பெரியப்பா. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் கல்லூரிவாரியாக, துறைவாரியாக வெளியிட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் யூசி கேட்கும் பாடம், வலப்பக்கம் டி ஆன்சாவில் அதற்கு ஈடானது. சில இடங்களில் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அவை அனைத்தையும் முடித்தால்தான் அந்த ஒன்று கணக்கில் வரும். தொடர்பாடங்களைப் பாதியில் விட்டு வேறு கல்லூரியில் தொடராமல், டி ஆன்சாவிலேயே முடிப்பது நல்லது.

தம்பி: அக்கா, யூசியின் பெர்க்லி, டேவிஸ், இர்வைன் வளாகங்கள் மூன்றுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். மூன்றும் ஒரே பாடங்களைக் கேட்குமா?

இர்வைன் அக்கா: கேட்காது. மூன்று பட்டியல்களையும் அருகருகே திறந்து வைத்து, பொதுவாக உள்ளவற்றை முதலில் எடு. மூன்றாமாண்டில் சேர 90 குவார்ட்டர் யூனிட் (பாடங்களுக்கான அளவுப்புள்ளி) வேண்டும். ஆனால் துறைக்கான பாடங்கள் விட்டுப்போயிருந்தால் அந்த எண்ணிக்கை மட்டும் உன்னைக் காப்பாற்றாது. உத்தரவாதச் சேர்க்கையான டேக் ஆறு வளாகங்களில் மட்டுமே உண்டு. பெர்க்லி அதில் இல்லை. அதற்கும் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணினி அறிவியலை எல்லா வளாகமும் அதில் சேர்ப்பதில்லை என்பதால், அதை நம்பிப் பாடங்களைத் தள்ளிப்போடாதே.

குப்பர்டினோ சித்தி: அப்படியானால் பொதுக்கல்விப் பாடங்களை விட்டுவிடலாமா?

இர்வைன் அக்கா: விட வேண்டாம், சித்தி. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு எப்படியும் கட்டாயம். அவற்றை முதலாண்டிலேயே முடிக்கட்டும். வரலாறும் உளவியலும் குவார்ட்டருக்கு ஒன்றாக இடையில் வரலாம்.

தம்பி: கால்குலஸ், நிரலாக்கம், ஆங்கிலம் என்று மூன்றையும் இப்போது பதிவு செய்கிறேன். ஆலோசகரிடம் நாளைக்கே நேரம் கேட்கிறேன், அக்கா.

இர்வைன் அக்கா: போகும்போது அந்த மூன்று பட்டியல்களையும் அச்செடுத்துக் கையில் கொண்டுபோ.