முத்திரை நறுக்கொட்டு: பழைய தபால்தலைகளால் செய்த கொடி அட்டைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய தபால்தலைகளை நறுக்கி ஒட்டிச் செய்த கொடி அட்டையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் நான் போட்ட கேள்விக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிதறிவிடும் என்பதால் ஒரே மடலில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பொருளை உங்கள் கண்முன் வைத்துவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் அதைத் தபால்தலையின் படம் அச்சிட்ட அட்டை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். என் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற ஷூ பெட்டியில் கிடைத்தது இது. மூன்றரைக்கு ஐந்தரை அங்குல அஞ்சலட்டை, நடுவில் ஓர் அமெரிக்கக் கொடி. அதில் அச்சு எதுவும் இல்லை. பழைய இரண்டு சென்ட் சிவப்புத் தபால்தலைகளை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, நீளவாக்கில் ஒட்டி, ஏழு சிவப்புக் கோடுகள் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கோடுகள் ஆறும் வெறும் அட்டைதான். ஒரு கோட்டுக்கு மூன்று நான்கு துண்டு. கணக்குப் போட்டால் சிவப்புக்கு நான்கைந்து தபால்தலைகளே செலவாகியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்றாவது கோட்டில், தபால்தலையில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது. ஐந்தாவது கோட்டின் ஓரத்தில் தபால்தலையின் பல் விளிம்பு அப்படியே நிற்கிறது. எல்லாக் கோடுகளின் மேலும் கறுப்பு மை. தபால் நிலையத்தில் குத்திய முத்திரையின் கோடுகள் துண்டுக்குத் துண்டு அறுந்து, வேறு கோணத்தில் திரும்பிப் போகின்றன.

இந்தக் கறுப்பு மைதான் இந்த மடலுக்கே காரணம். ஒரு பள்ளி நூலகத்தில் சிறு கண்காட்சி வைத்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இந்த ஸ்டாம்பெல்லாம் இன்னும் செல்லுமா சார்?” என்று கேட்டாள். நான் அட்டைக்கு எழுதி வைத்திருந்த விளக்கச்சீட்டு ‘தபால்தலைக் கலை அட்டை’. அவள் கேட்டது அந்தச் சீட்டில் இல்லாத விஷயம். இவை செல்லாத தபால்தலைகள், ஒருமுறை பயணம் போய் வந்தவை. அதைச் சொல்லாத பெயர் இந்தப் பொருளுக்குப் பொருந்தாது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘அஞ்சல்தலைப் படத்தொகுப்பு அட்டை’ என்றால் போதாதா?

ஐயா, படத்தொகுப்பு என்றால் நமக்குச் சினிமா எடிட்டிங். திரைப்படத் தலைப்பில் ஒவ்வொரு முறையும் பார்க்கிற சொல்லை இன்னொரு வேலைக்கு இழுத்தால் இரண்டும் குழம்பும்.

> ‘அஞ்சல்தலை ஒட்டிய அட்டை’ என்று எளிமையாகப் போடலாமே.

எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் தபாலில் போகும் படஅட்டை எல்லாமே அஞ்சல்தலை ஒட்டிய அட்டைதானே! என் பெரியப்பாவின் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். படப்பக்கத்தில் செல்லாத தபால்தலைத் துண்டுகள் இருபதுக்கு மேல். முகவரிப் பக்கத்தில் செல்லுகிற ஒரு சென்ட் பச்சைத் தபால்தலை ஒன்று. அந்த ஒன்றுதான் அட்டையை ஊர் சேர்த்தது. நம் சொல் இந்த இரண்டு ஒட்டலையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

‘மொசைக்’ என்று ஆங்கிலத்தில் சிலர் எழுதுவதைச் சுட்டியிருந்தீர்கள். நம் ஊரில் மொசைக் என்றால் வீட்டுத் தரை. அதை விட்டுவிடலாம். ‘ஒட்டோவியம்’ நல்ல முயற்சி, காதுக்கும் இனிமை. ஆனால் நறுக்கியது அதில் வரவில்லை, தபால்தலையும் வரவில்லை. பல துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்தைக் கொலாஜ் என்கிறார்களே, பொதுவாக அதற்கு இதை வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடத்தில் ‘ஒட்டுச்சித்திரம்’ என்று ஏற்கெனவே இருக்கிறது. ‘ஒட்டு’ என்ற அடி நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடும் தொம்பையைப் பார்த்தவர்களுக்கு, வண்ணத் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று தெரியும். துணியில் தையல், காகிதத்தில் பசை. அவ்வளவுதான் வேறுபாடு.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா சொன்னதுதான் எனக்குத் திறவுகோலாக அமைந்தது. ‘நாங்கள் தபால்தலை என்று சொல்வதில்லை, முத்திரை என்றுதான் சொல்லுவோம்’ என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். தமிழ்நாட்டில் முத்திரை என்றால் தபால் நிலையத்தில் தொம் என்று குத்துகிற மை அடையாளம். இலங்கையில் அது தபால்தலையே. அப்படியானால் ‘முத்திரை’ என்று போட்டால் அங்கே இருப்பவர் ‘தபால்தலையால் ஆனது’ என்று படிப்பார், இங்கே இருப்பவர் ‘முத்திரை குத்தப்பட்டதால் ஆனது’ என்று படிப்பார். இந்த அட்டையைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை. ‘பயன்படுத்திய’ என்ற நீண்ட அடைமொழியைத் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் முத்திரைத்தாள், முத்திரைத்தீர்வை என்று பத்திர அலுவலகத்தில் இன்றும் புழங்குவதால் ‘ஸ்டாம்பு’ என்ற பொருள் அடியோடு அந்நியம் இல்லை. நன்றி அக்கா.

அடுத்தது நறுக்கு. பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த துண்டைப் ‘பத்திரிகை நறுக்கு’ என்கிறோம். அதற்கும் முன்னால் ஓலை நறுக்கு உண்டு, நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்பும் சிறு ஓலைத் துண்டு. அதாவது ‘நறுக்கு’ என்ற சொல்லுக்கு வெட்டிய துண்டு என்ற பொருளும், கைமாறிப் போகும் சிறு சேதி என்ற சாயலும் சேர்ந்தே இருக்கின்றன. அஞ்சலட்டைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘துணுக்கு’ என்று ஒருவர் சொன்னார். துணுக்கு என்றதும் வார இதழின் சிரிப்புத் துணுக்குதான் நினைவுக்கு வருகிறது.

சரி, ‘முத்திரை நறுக்கு அட்டை’ என்றே நிறுத்திவிடலாமா? அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அட்டையையே பூ வடிவத்திலோ மிருக வடிவத்திலோ வெட்டி விற்ற வகை ஒன்று இருக்கிறது. ‘நறுக்கு அட்டை’ என்றால் அதுவா இதுவா என்று குழப்பம் வரும். ஆகவே ஒட்டு வேண்டும். நறுக்கு, ஒட்டு இரண்டும் சேர்ந்தால் நறுக்கொட்டு. என் முன்மொழிவு: முத்திரை நறுக்கொட்டு அட்டை. பிரித்துச் சொன்னால் ‘முத்திரையை நறுக்கி ஒட்டிய அட்டை’. ஒரு கலைச்சொல்லைப் பிரித்தால் அது சாதாரண வாக்கியமாக அவிழ வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. இது அவிழ்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது ‘கொட்டு’ என்று தனியாகக் காதில் விழுகிறது, உண்மைதான். உறுத்தினால் ‘நறுக்கு ஒட்டு’ என்று பிரித்தே எழுதலாம். ஒரு எச்சரிக்கை: தயவுசெய்து யாரும் இதைத் ‘தலை நறுக்கு’ என்று சுருக்கிவிடாதீர்கள். குழந்தைகள் படிக்கும் சீட்டு.

> நாட்டுப்பற்று, நூதனம் இரண்டும் சொல்லில் வரவில்லையே?

வர வேண்டாம் என்பது என் கருத்து. சேகரிப்பாளர்கள் ஆங்கிலத்தில் ‘பேட்ரியாட்டிக்’, ‘நாவல்ட்டி’ என்று சொல்வதெல்லாம் அலமாரியின் பெயர்கள். தோல் அட்டை, மரப்பட்டை அட்டை, நிஜ இறகு ஒட்டிய அட்டை, முதல் உலகப்போரில் பிரான்சில் பெண்கள் நேச நாட்டுக் கொடிகளைப் பட்டு நூலால் தைத்து விற்ற அட்டை, எல்லாம் நாவல்ட்டிதான். அந்த அலமாரிக்கு ‘நூதன அட்டை’ என்று பெயர் வைக்கலாம். இலங்கையில் மியூசியத்தை நூதனசாலை என்கிறார்கள். எடுத்து வைத்துப் பார்க்கத் தகுந்த அபூர்வப் பொருள் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. ‘புதுமை அட்டை’ என்றால் நேற்று வந்த அட்டை என்று ஆகிவிடும். பேட்ரியாட்டிக்குக்கு ‘நாட்டுப்பற்று’. தேசபக்தி என்றால் நமக்கு உடனே விடுதலைப் போராட்டம்தான் மனதில் எழும். அமெரிக்கக் கொடிக்கும் பிரிட்டிஷ் கொடிக்கும் அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை. விளக்கச்சீட்டில் வகை, செய்முறை, பொருண்மை என்று மூன்று கட்டம் போட்டு, நடுக்கட்டத்தில் நம் புதுச் சொல்லை எழுதுங்கள்.

இந்தக் கொடிகளின் நிறம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1897இல் வாஷிங்டனில் கூடிய உலக அஞ்சல் ஒன்றிய மாநாடு, உறுப்பு நாடுகள் சில கட்டணங்களுக்கு ஒரே நிறம் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. அச்சிட்ட தாள்களை அனுப்பும் கட்டணத்துக்குப் பச்சை, அட்டைக்குச் சிவப்பு, வெளிநாட்டுக் கடிதத்துக்கு நீலம். 1902இல் பிரிட்டனில் வந்த ஏழாம் எட்வர்ட் மன்னரின் தபால்தலைகளைப் பாருங்கள்: அரைப் பென்னி பச்சை, ஒரு பென்னி சிவப்பு, இரண்டரைப் பென்னி நீலம். அங்கே கொடி செய்ய உட்கார்ந்தவருக்கு வீடு நிறையச் சிவப்பு கிடைத்தது. நீலம்தான் சிரமம். வெளிநாட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் ஒட்டிய நீலத் தபால்தலை கடிதத்தோடு வெளிநாட்டுக்கே போய்விடுமே, அனுப்பியவர் வீட்டில் எப்படித் தங்கும்? அப்படியென்றால் பிரிட்டிஷ் கொடியின் நீலம் ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கடிதத்தின் நீலமாக இருக்க வாய்ப்பு அதிகம். தன் நாட்டுக் கொடிக்கு வேற்று நாட்டுத் தபால்தலை! இப்படிப்பட்ட அட்டை உங்களில் யாரிடமாவது இருந்தால் அந்த நீலத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

என் அட்டையில் அந்தச் சிரமத்தை வேறு விதமாகத் தாண்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1898 வரை ஒரு சென்ட் தபால்தலை நீலம். அந்த ஆண்டுதான் ஒன்றியத்தின் ஏற்பாட்டை ஒட்டி ஒரு சென்ட் பச்சைக்கும் ஐந்து சென்ட் நீலத்துக்கும் மாறின. என் கொடியின் நட்சத்திர மூலையில் இருக்கும் நீலத் துண்டு ஒன்றில் ‘சென்ட்’ என்ற சொல்லின் பின்பாதி ஆங்கில எழுத்தில் தெரிகிறது. பன்மைக்குரிய ‘S’ இல்லை, ஆகவே அது பழைய ஒரு சென்ட். சிவப்புத் துண்டுகளோ 1908இல் வெளிவந்த வகை. மதிப்பை ‘இரண்டு’ என்று எழுத்தில் போட்டவை. 1912இல் அதை எண்ணாக மாற்றிவிட்டார்கள். ஆக, பத்தாண்டுக்கு மேல் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்த நீலமும், அப்போதுதான் வந்த கடிதங்களின் சிவப்பும் ஒரே கொடியில் சேர்ந்திருக்கின்றன. அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டுச் சேதிக்கும் முகவரிக்கும் பிரித்திருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. அமெரிக்காவில் அந்த அனுமதி 1907 மார்ச்சில்தான் வந்தது. நட்சத்திரங்களை எண்ணி ஆண்டு கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கொடியில் 1908 ஜூலையிலிருந்து 46 நட்சத்திரம், 1912 ஜூலையிலிருந்து 48. ஆனால் கட்டை விரல் நகம் அளவு மூலையில் வெள்ளை மையால் 13 புள்ளிகள்தான் வைக்க முடிந்திருக்கிறது. தபால்தலைகளே சாட்சி: அட்டையில் இருப்பதிலேயே இளைய தபால்தலை எந்த ஆண்டோ, அதற்கு முன்னால் அந்த அட்டை பிறந்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1894இல் பாஸ்டனில் தொடங்கி, அமெரிக்கத் தபால் நிலையங்களில் முத்திரை குத்தும் இயந்திரங்கள் சில பறக்கும் கொடியையே முத்திரையாகக் குத்தின. சேகரிப்பாளர்கள் அதைக் கொடி முத்திரை என்கிறார்கள். அதன் கோடுகள் தபால்தலையின் மேல் விழும். என் அட்டையின் இரண்டாவது கோட்டில் இருக்கும் அறுந்த மைக்கோடுகள் அலை அலையாக, அந்த வகைபோலத்தான் இருக்கின்றன. தபால் நிலையம் தபால்தலைமேல் குத்திய கொடியை நறுக்கி, யாரோ ஒருவர் இன்னொரு கொடி செய்திருக்கிறார். ‘தபால்தலைக் கலை அட்டை’ என்று எழுதினால் இதில் எதுவும் தெரியாமல் போகும். சொல்லில் ‘முத்திரை’ வேண்டும் என்று நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பழைய தபால்தலைமேல் ஆசை அட்டைகளுக்கும் முந்தியது. முதல் தபால்தலை 1840 மே மாதம் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஓர் இளம்பெண், தன் உடைமாற்றும் அறைச் சுவர் முழுக்க முத்திரை குத்திய தபால்தலைகளை ஒட்ட வேண்டும், இதுவரை 16,000 சேர்ந்திருக்கிறது, மீதிக்கு உதவுங்கள் என்று விளம்பரம் கொடுத்தார். முதல் அஞ்சலட்டையே 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில்தான் வந்தது. அந்தச் சுவருக்கும் சொல் வேண்டுமென்றால் ‘முத்திரை ஒட்டு’ போதும். அவர் நறுக்கவில்லை.

அங்கேதான் எனக்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சில கொடி அட்டைகளில் தபால்தலையை நறுக்காமல் முழுசாகவே வரிசையாக அடுக்கி ஒட்டியிருப்பார்கள். சீனாவிலிருந்து வந்த அட்டைகளில் இன்னொரு முறை: முகத்தையும் கையையும் தூரிகையால் வரைந்து, உடுப்பை மட்டும் டிராகன் படம் போட்ட தபால்தலைகளை வெட்டி ஒட்டிச் செய்திருப்பார்கள். சீன வகைக்கு நம் சொல் அப்படியே பொருந்தும். முழுசாக ஒட்டியதற்குப் பொருந்தாது. அதை ‘முத்திரை அடுக்கு அட்டை’ என்று தனியாகப் பிரிப்பதா, இல்லை நறுக்கொட்டையே இரண்டுக்கும் பொதுவாக நீட்டுவதா? பிரிக்கலாம் என்பது என் சாய்வு. ஆனால் அட்டவணை போட்டுப் பழகிய நூலக நண்பர்கள் இதில் என்னைவிடத் தெளிவாகச் சொல்வீர்கள்.

அக்கா, உங்களிடம் தனியாக ஒரு கேள்வி. இலங்கையில் தபால் நிலையத்தில் குத்தும் மை அடையாளத்தைப் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்? அங்கே அதற்குத் தனிச் சொல் இருந்தால் கொடி முத்திரைக்கும் அதையே போட்டுவிடலாம். புதன்கிழமை விளக்கச்சீட்டுகளை எழுதத் தொடங்குகிறேன். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்