தாத்தாவின் மைனர் காருக்குப் பின்பக்க ஸ்பிரிங் வேலை: மலேசியாவின் சுங்கை சிப்புட் அனுபவம்

மோரிஸ் மைனர் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். அது மாட்டியிருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன்.

தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய மைனர் 1000 இது. முன்பக்கம் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய கட்டு), அதோடு லீவர் டாம்பர் (கை ஒன்றும் உள்ளே எண்ணெயும் உள்ள, ஆட்டத்தை அடக்கும் கருவி). 1948-இல் மைனர் வந்ததிலிருந்து கடைசி வரை பின்பக்க அமைப்பு அடிப்படையில் இதுதான். எங்கள் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதை மாறவில்லை. மழையில் அந்தச் சேறு சக்கரத்திலிருந்து தெறித்து ஸ்பிரிங்கின் முன் காது (முன் முனையில் உள்ள வளையம்) உட்காரும் மூலையில் போய் அடைந்துகொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும்.

வலப்பக்கம் தாழ்ந்தபோது ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கைக் கழற்றாமலே நடுவில் தடித்த பட்டை ஒன்றைச் செருகி அனுப்பிவிட்டார்கள். வண்டி நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி நேராக பாடிக்குப் போனது. பின் சீட்டில் அம்மாவால் உட்கார முடியவில்லை. அதனால்தான் முழுவதையும் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்பிரிங்கின் முன் காதுக்குச் சற்று முன்னால் சேஸிக்கு ஸ்டாண்ட் வைத்தேன். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. அது இல்லாமல் யூ போல்ட்டை (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் வளைந்த போல்ட்) தளர்த்தினால் ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும், கவனம். நட்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். அப்படியும் ஸ்பிரிங்கின் பின் முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் போல்ட் ஒன்று அசையாமல் நின்றது, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முன் காது இருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ‘டங்’ என்றது. வலப்பக்கம் ஓசையே இல்லை, நுனி உள்ளே இறங்கிவிட்டது. சாய்வுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. அரித்த தகட்டை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும்வரை போய், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். இந்த வேலையை முடிக்காமல் எந்த ஸ்பிரிங் போட்டாலும் காசுதான் நஷ்டம்.

இரண்டு ஸ்பிரிங் கட்டுகளையும், செம்பனைப் பழ லோரிகளுக்கு வேலை செய்யும் கடைக்குக் கொண்டு போனேன். தோட்டத்து ஊரில் இது பெரிய வசதி. அங்கே இருந்த பெரியவர் செருகியிருந்த பட்டையைப் பார்த்ததும், “தம்பி, பழ லோரிக்கு டன் கணக்குல ஏறும். இதுல நாலு பேரு ஏறுவீங்களா? அதுக்கு எதுக்குப்பா இந்தப் பட்டை?” என்றார். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் கட்டு முழுவதையும் வைஸில் நன்றாக இறுக்கினார், இல்லாவிட்டால் பட்டைகள் எகிறும். ஒவ்வொரு பட்டையையும் நெருப்பில் காட்டாமல் பச்சையாகவே தட்டி வளைவு கொண்டுவந்தார். சூடு வைத்தால் ஸ்பிரிங் தன் பதத்தை இழந்துவிடும் என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிறகு இரண்டு கட்டுகளையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வளைவை ஒப்பிட்டார். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ், புது சென்டர் போல்ட். அவர் கைவேலைக்கு நான் கொடுத்த வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்றே தோன்றியது.

லீவர் டாம்பரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு அப்சோபர் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கசிவு இல்லாத டாம்பர் என்றால் டாம்பர் எண்ணெய் விட்டு, அதன் கையை மேலும் கீழும் ஆட்டிக் காற்றை வெளியேற்றினால் போதும். இரு பக்கமும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். எண்ணெய் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். கழற்றினால் நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போட்டால் உள்ளே காற்று போகும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். யூ போல்ட்டுகள் புதிதாகத்தான் இருக்க வேண்டும், பழையவற்றின் திருகு மறை இழுபட்டிருக்கும். அப்புறம் ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகள்: சக்கரம் தொங்கும்போது இவற்றை முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை ஸ்பிரிங்கில் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. முன்னாலேயே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

இப்போது வண்டி நேராக நிற்கிறது, அம்மா பின் சீட்டில் ஈப்போ வரை வந்தார். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கினேன், கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தன. உங்கள் வண்டியில் முன் காது இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.