புதுப்பிப்பு: வைகை மணலும் இடது முன்னங்காலும்

கிராஸ் கன்ட்ரி போட்டிக்காக (திறந்தவெளியில் குதிரையில் ஓடித் தடைகளைத் தாண்டும் போட்டி) என் குதிரையை வைகையின் வறண்ட மணலில் ஓட்டிப் பழக்கியதையும், அதன் இடது முன்னங்காலில், உள்காயத்தின் அறிகுறியான சூடு தெரிந்ததையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். வந்து பார்த்த கால்நடை மருத்துவர், ஆழமான மணல், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களை வருத்தும் என்றும், இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிட்டாலும் எலும்பும் தசைநாணும் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும் என்றும் கூறியதால், ஓட்டத்தையும் தாண்டலையும் அறவே நிறுத்திவிட்டேன். அவசரம் என்னுடையதுதான், குதிரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது விடியற்காலையில் நாகமலை அடிவாரத்துச் செம்மண் பாதையில் 40 நிமிட நடை மட்டுமே. வியர்வையில் உப்பு நிறைய வெளியேறிவிடுவதால் தீவனத்தில் சிறிது உப்பும் சேர்க்கிறேன். திரும்பியதும் தண்ணீர் ஊற்றி, இரு முன்னங்கால்களையும் உள்ளங்கையால் மாறி மாறித் தடவிப் பார்ப்பேன். நேற்று இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. நடையைவிடச் சற்று வேகமான துள்ளோட்டத்தை அடுத்த வாரம் தொடங்கலாமா என்பதை மருத்துவர் மறுபடி பார்த்த பின்பே முடிவு செய்வேன்.