கடற்கரையில் கேட்காமல் எடுத்த படங்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மணல்மேடு:
மெரினாவில் உச்சி வெயிலில் யாரும் படம் எடுக்கப் போவதில்லை என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று வேறு வேலையாக அந்தப் பக்கம் சென்ற நான், உழைப்பாளர் சிலைக்குப் பின்னால், மூடிக்கிடந்த பலூன் சுடும் கடையின் நிழலில் ஒருவர் தனியாக அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார். அடையாள அட்டையின் நாடாவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். காலுறைகள் செருகிய கறுப்பு ஷூக்கள் மணலில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. கடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி அவர் சாப்பிட்டதால்தான் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து, "தம்பி, இந்தப் படத்துல தேதி விழுமா?" என்று மட்டும் கேட்டார். படத்தின் மேல் விழாது என்றேன். அது உண்மைதான். கோப்பின் உள்ளே நாளும் மணியும் நொடி வரை பதிந்திருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். இன்றுவரை அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. இப்படி ஒரு கேள்வி உங்களில் எவருக்கேனும் வந்ததுண்டா?

எஃப் எட்டு:
தேதிதான் சிக்கல் என்றால் அது பெரிய காரியமில்லை. கணினியிலிருந்து வெளியே எடுக்கும்போது கோப்புக்குள் நாளும் மணியும் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலை நீக்கிவிட்டால் போதும். எனக்கு நேர்ந்தது இதைவிடச் சிறியது. குதிரைச் சவாரி முடித்து இறங்கிய ஒரு பாட்டி, நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "இறங்கினதுக்கப்புறம் எதுக்குப்பா எடுத்தே, மேல இருக்கும்போது எங்கே போனே?" என்று அதட்டினார். அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

எனினும் புதிதாக வருபவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் அலைக்கு முன் நிற்பவர் எல்லாரும் நிழலுருவமாகிவிடுவார்கள். மாலையில் வெயில் காமராசர் சாலைப் பக்கமிருந்து வருவதால், கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகில்தான் ஒளி விழும். முகம் வேண்டுமென்றால் நனைந்துவிட்டுக் கரைக்குத் திரும்பி வருபவர்களைத்தான் எடுக்க வேண்டும். அவர்கள் முகத்தில் இருக்கும் களைப்பும் மகிழ்ச்சியும் போகிறவர்களிடம் இருக்காது. தொலைவிலிருந்து ஜூம் லென்ஸில் எடுப்பதை நான் ஏற்பதில்லை, அது ஒளிந்து பார்ப்பது. ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள கேமராவில் 23 மி.மீ. லென்ஸை வைத்து, ஒளி நுழையும் துவாரத்தை எஃப்/8 ஆகச் சுருக்கி, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை எல்லாம் துலங்கும். கண்ணில் வைத்துத் தேட வேண்டியதே இல்லை. ஷட்டர் வேகம் 1/500க்குக் குறைய வேண்டாம். மணற்காற்றில் லென்ஸைக் கழற்றவே கூடாது; வீட்டுக்கு வந்ததும் உப்புப் படலத்தை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடையுங்கள். படத்தை யாருக்கும் காட்டாமல் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் பார் 1983க்கும் 1985க்கும் இடையில் லிவர்பூலுக்கு அருகிலுள்ள நியூ பிரைட்டன் கடற்கரையில் விடுமுறைக்கு வந்த உழைக்கும் குடும்பங்களைப் பகல் வெளிச்சத்திலேயே ஃபிளாஷ் அடித்து எடுத்தார். ஏழைகளை ஏளனம் செய்கிறார் என்று திட்டினார்கள். அவர் அன்று கூச்சப்பட்டிருந்தால் அந்தக் காலத்துக் கடற்கரை நமக்குக் கிடைத்திருக்காது.

நடுவிலவள்:
திட்டியவர்களில் படத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் அறிய விரும்புகிறேன், ஏனென்றால் நான் படத்தில் இருந்தவள். எலியட்ஸ் கடற்கரையில், சுடிதார் முழங்கால் வரை நனைந்து, தலையைக் குனிந்து மணலில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரோ எடுத்திருக்கிறார். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதைக் கைப்பேசியில் காட்டி, "ஏதாவது பிரச்சினையா, அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். படத்தின் கீழே 'தனிமை' என்று எழுதியிருந்தது. நானும் என் அக்காவும் தங்கையும் அன்று அடித்த கூத்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இருவரும் சுட்ட சோளம் வாங்கப் போன இடைவெளியில், காலில் குத்திய கிளிஞ்சலைத்தான் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். படத்தை விரித்துப் பார்த்தால் இடது ஓரத்தில் தங்கையின் செருப்பு பாதி தெரிகிறது. முகம் தெரிந்ததோ ஆடை நனைந்திருந்ததோ எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அதன் கீழே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் என் சோகத்துக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீக்கச் சொல்லி எழுதினேன். பொது இடத்தில் எடுத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

குப்பத்துக்காரன்:
பொது இடம் என்ற சொல்லை எங்களிடமும் சொல்வார்கள். நொச்சிக்குப்பத்தில் அந்த மணல்தான் எங்கள் பட்டறை. விடிந்ததும் படகு கரையேறி, வலையில் சிக்கிய மீனையும் நண்டையும் கழற்றும் நேரத்தில் கேமராவோடு ஒரு கூட்டம் வந்து நிற்கும். வெயில் ஏறுவதற்குள் மீனைக் கழற்றி விற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வலையின் மேலேயே நின்று எடுப்பார்கள். எஃப் எட்டு அவர்களே, 2 மீட்டர் என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எங்கள் வலை கிடக்கிறது. ஒரு நாள் என் மாமா வேலையை முடித்து வலையை உதறி மடித்துவிட்டார். அப்போதுதான் மேகம் விலகியது. ஒரு பையன் வந்து, "ஐயா, இன்னொரு வாட்டி உதறுறீங்களா?" என்று கேட்டான். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். மடித்ததைப் பிரித்து, ஒன்றுமில்லாத வலையை, மீன் இருப்பதைப் போலவே பாரம் காட்டித் தோளை வளைத்து உதறினார். எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவர் சிரிப்பதோடு சரி. அந்தப் பையனின் படத்தைப் பார்ப்பவர்கள் அதை இயல்பான காட்சி என்றே நம்புவார்கள்.

வாய்தா:
நடுவிலவள் அவர்களுக்கு வந்த ஒரு வரிப் பதில் முழுமையானதல்ல. பொது இடத்தில் வயது வந்த ஒருவரைப் படம் எடுக்க முன் அனுமதி பெற வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை என்பது சரி. மறைவில் உடை மாற்றும் பெண்ணை எடுப்பது போன்ற செயல்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவு இருக்கிறது. உங்கள் படம் அதற்குள் வராது. ஆனால் 24 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய புட்டசாமி தீர்ப்பில், ஒருவர் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே அவரது அந்தரங்க உரிமை பறிபோய்விடுவதில்லை என்று கூறப்பட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

என் கதை காணும் பொங்கலன்று நடந்தது. தொலைந்துபோகும் பிள்ளைகளுக்காகக் காவலர்கள் கையில் கட்டிவிடும் பட்டையை அறிவீர்கள். அந்தப் பட்டையோடு, இரு கைகளையும் உயர்த்தி அலையை அதட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை எடுத்தேன். தந்தை வந்து கேமராவைக் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு நடுங்கியது. அவர் நிதானமாகப் படத்தைப் பெரிதாக்கி, பட்டையில் எழுதியிருந்த தன் கைப்பேசி எண் ஒவ்வோர் இலக்கமும் தெளிவாகத் தெரிவதைக் காட்டினார். அந்த இடத்திலேயே அழித்துவிட்டேன். பிறகு அவரே பட்டையை மகளின் கை மடிப்புக்குள் தள்ளி மறைத்து, "இப்ப எடுங்க சார், எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்றார். பிள்ளை விறைப்பாக நின்றாள்; படம் நன்றாக வரவில்லை. அனுப்புவதற்கு அவருடைய எண்ணை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.