பி.எஸ்சி. இயற்பியலா, இன்ஜினியரிங்கா? எதை வைத்து முடிவு பண்றது?

மழைக்குருவி கேட்கிறார்:

வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்போ பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அரையாண்டு முடிந்தது. இதே போக்கில் போனால் பப்ளிக்கில் கணிதம் 84, இயற்பியல் 91, வேதியியல் 88 வரும் என்கிறார் வகுப்பு டீச்சர். எனக்கு இயற்பியல்தான் பிடிக்கும், ஆராய்ச்சி வரைக்கும் போக ஆசை. வீட்டில் "பி.எஸ்சி. படிச்சா வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைக்காது, பேசாம இன்ஜினியரிங் போ" என்கிறார்கள். எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? விவரம் தெரிந்த அண்ணா, அக்காமார் சொல்லுங்க.

கோப்புக்கட்டு:

முதலில் கணக்கு. இன்ஜினியரிங் கட்-ஆஃப்புக்குக் கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 84 + 45.5 + 44 = 173.5. பொதுப் பட்டியலில் இது நடுத்தரம். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவீங்க. பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரி அதில் எட்டும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். வீட்டில் இன்ஜினியரிங் என்று சொல்வதற்கு இதுதான் உருப்படியான காரணம், அதைத் தள்ளிவிட வேண்டாம். கலை அறிவியல் கல்லூரி பி.எஸ்சி.க்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. புதுமைப் பெண் 1,000 ரூபாய் இரண்டு பக்கமும் வரும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து வாத்தியார் வேலை. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும், பி.எட். 2 வருடம். ஆக 3 + 2 + 2, மொத்தம் 7 வருடம், அதற்குப் பிறகுதான் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வு. சம்பளம் 36,900-இல் தொடங்கும் நிலை. இதில் பலர் தடுக்கி விழும் இடங்கள்:

பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் ஒரே பாடமாக இருக்கணும். பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. வேறொன்று என்றால் 'கிராஸ் மேஜர்' என்று சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

பட்டத்தின் பெயரையும் பாருங்க. 'இயற்பியல்' என்று மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. பின்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் அது இயற்பியலுக்கு இணை என்று அரசாணை இருக்கணும். கல்லூரி விளம்பரத்தில் பளபளப்பாகத் தெரியும் பெயர்தான் பின்னால் வினையாகும். ஃபீஸ் கட்டும் முன் கேளுங்க.

தமிழ்வழிக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கு வேண்டிய கடைசிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்கணும். எம்.எஸ்சி. ஆங்கில வழியில் படித்தால் முதுகலை ஆசிரியர் பணிக்கு அதைக் கோர முடியாது.

வெர்னியர்:

கோப்புக்கட்டு சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது பட்டத்தைப் பற்றின கணக்கு. பாடம் பிடிக்குதா என்பதற்கு வேறு கணக்கு இருக்கு தங்கச்சி.

அந்த 91-ஐ உடைச்சுப் பாருங்க. செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்த 30 ஏறக்குறைய எல்லாருக்கும் முழுசா வரும். அப்போ எழுத்துத் தேர்வில் உங்க மார்க் 70-க்கு 61. அதிலும் 5 மார்க் கேள்விகளே 25 மார்க், பெரும்பாலும் புத்தகத்தில் உள்ள வருவித்தல். மனப்பாடமா எழுதி 61 வாங்கினவங்களும் உண்டு, புரிஞ்சு எழுதி 61 வாங்கினவங்களும் உண்டு. மார்க்கை மட்டும் பார்த்தா யார் எந்த ரகம்னு தெரியாது.

உங்க செய்முறையில் நிறமாலைமானி இருக்குல்ல, அதை எடுத்துக்கோங்க. முப்பட்டகக் கோணம் 60°, சிறும திசைமாற்றக் கோணம் 39° வந்தா ஒளிவிலகல் எண் 1.521. முதன்மை அளவுகோல் அரை டிகிரி, அரை டிகிரியா பிரிஞ்சிருக்கும். வெர்னியர் 30 பிரிவு, மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடிஞ்ச மிகச் சின்னக் கோணம், 1 நிமிடம் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு). அந்த அரைக்கோட்டை விட்டுட்டு 30 நிமிடம் தப்பா எடுத்தா கோணம் 39° 30' ஆகும், விடை 1.526-க்குப் போயிடும். தொலைநோக்கி சுழலும்போது 360-ஐத் தாண்டினா 360 கூட்டணும், அதையும் மறப்பாங்க. தப்பு வந்ததும் 'விடை 1.52-ன்னு தெரியுமே' என்று ரீடிங்கைத் திருத்தி எழுதுற ஆளா, எங்கே பிசகுச்சுன்னு மறுபடி போய் உட்கார்ற ஆளா நீங்க? முப்பட்டக மேசையை ஒரே திசையில் திருப்பிட்டே வரும்போது பிம்பம் ஒரு இடத்தில் நின்னு திரும்பி ஓடுதே, ஏன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? ரெண்டுக்கும் மனசறிஞ்சு பதில் சொல்லுங்க. திருத்தி எழுதுற பழக்கம்னா தப்பில்லை, ஆனா ஆராய்ச்சிப் பக்கம் போய் அஞ்சு வருஷம் அவஸ்தைப்பட வேண்டாம்.

இன்னொரு சோதனை: லென்சு செய்பவரின் சமன்பாட்டைப் புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத்தாளில் வருவிங்க. குறி மரபில் மாட்டினா படத்தை மறுபடி வரைஞ்சு பார்க்கத் தோணுதா, உடனே பக்கத்தைத் திறக்கத் தோணுதான்னு கவனிங்க.

மழைக்குருவி:

ரெண்டு பேருக்கும் நன்றி. பிம்பம் ஏன் திரும்புதுன்னு கேட்டிருக்கேன், சார் 'அப்படித்தான்' என்றார். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் பற்றியும் சொல்றாங்க. நான் உயிரியல் படிக்கலையே, எழுத முடியுமா? அது கிடைக்கலைன்னா ஊர்க் கல்லூரி பி.எஸ்சி. வைத்து மேலே போக முடியுமா?

கோப்புக்கட்டு:

எழுதலாம். ஐசர் நுழைவுத் தேர்வு 3 மணி நேரம், 60 கேள்வி: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் தலா 15. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, மொத்தம் 240. உயிரியலை முழுசா விட்டாலும் 180-க்குப் போட்டி போடலாம். ஆனால் மற்றவர்கள் உயிரியலின் அந்த 60 மார்க்கிலிருந்தும் கொஞ்சம் எடுப்பார்கள். என்சிஇஆர்டி புத்தகத்தில் மரபியல், செல் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தொடுங்க. சேர்ந்தபின் முதல் ஆண்டில் நாலு பாடமும் உண்டு, உயிரியலை அங்கே தவிர்க்க முடியாது. 5 வருட பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு, பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம்.

உங்களுக்கு அதைவிடத் தோதானது நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு. புவனேஸ்வரில் உள்ள நைசர் என்ற அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பையில் உள்ள அணுசக்தித் துறை மையத்துக்கும் இதுதான் வாசல். அதிலும் நாலு பாடம் உண்டு, ஆனால் சிறந்த மூன்றின் மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க். உயிரியல் படிக்காதது அங்கே பாதகமில்லை. உதவித்தொகை வருடத்துக்கு 60,000. இரண்டு தேர்வும் தமிழில் வராது. இப்போதிலிருந்தே இயற்பியல், கணிதத்தை ஆங்கிலப் புத்தகத்திலும் வாசிங்க. சொற்கள் பழகிவிட்டால் கேள்வி மிரட்டாது.

வெர்னியர்:

ஊர்க் கல்லூரி வழியாவும் போகலாம். அங்கே பாதிப் பேர் கோட்டை விடுறது மூணாம் வருஷத்தில். எம்.எஸ்சி.க்கு ஐஐடி போக ஜாம் தேர்வு எழுதணும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். அப்போ ஆறாவது செமஸ்டர் பாதிகூட ஓடியிருக்காது. குவாண்டம், திண்மநிலை எல்லாம் கடைசி வருஷத்தில் வெச்சிருப்பாங்க, ஜாம் சிலபஸில் அதுவும் உண்டு. காலேஜ் நடத்தும்வரை காத்திருந்தா முடியாது, நாலாவது செமஸ்டர் லீவிலேயே ஆரம்பிக்கணும். தேர்வு 100 மார்க், 60 கேள்வி. அதில் 20 கேள்விக்கு ஆப்ஷனே கிடையாது, எண்ணை நீங்களே போட்டுக் கண்டுபிடிக்கணும். செமஸ்டர் பரீட்சைக்கு டெரிவேஷன் எழுதிப் பழகின கை இங்கேதான் நிக்கும். அலைடு கணிதத்தை (துணைப்பாடமா வர்ற கணிதம்) அரியர் இல்லாம முடிச்சா போதும்னு நினைக்காதீங்க, அதுதான் அடித்தளம்.

ஜாம் கிடைக்கலைன்னா பி.எஸ்சி.யோடு பி.இ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி உண்டு, பிளஸ் டூவில் கணிதம் இருக்கிறதால நீங்க தகுதி. இன்ஜினியரிங் முடிச்சவங்களும் சிஎஸ்ஐஆர் நெட் எழுதலாம். தேறினா ஆராய்ச்சி உதவித்தொகை முதல் 2 வருஷம் மாதம் 37,000, அதோட வீட்டு வாடகைப்படி. ஆனா பி.இ. வைத்து இயற்பியல் விரிவுரையாளர் ஆகலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

என் ஓட்டு: ஐசர், நெஸ்ட் ரெண்டும் எழுதுங்க, கிடைச்சா அதுக்குப் போங்க. கிடைக்கலைன்னா 7.5-இல் நல்ல கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். அதுவும் பிடிக்கலைன்னா மட்டும் பி.எஸ்சி.

கோப்புக்கட்டு:

கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல தன்னாட்சிக் கல்லூரி பி.எஸ்சி.யை எலக்ட்ரானிக்ஸுக்குக் கீழே வைக்க மாட்டேன். ஆராய்ச்சி ஆசை உண்மையென்றால் நாலு வருடம் வேறு பாடம் படித்துவிட்டு இயற்பியலுக்குத் திரும்புவது சுற்றுவழி.

இன்னொன்று, இதை மறந்துவிடாதீங்க: பிசி, எம்பிசி என்றால் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் சான்றிதழ் தனியாக வாங்கணும். பெரும்பாலும் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். மே மாதம் தாலுகா ஆபீஸில் கூட்டம் அலைமோதும், ஏப்ரல் முதல் வாரமே இ-சேவையில் போட்டுவிடுங்க.